டிராக்டர் வாங்கும் முன் ஹாரி பெர்குசனின் கதையைக் கேளுங்கள்

பிசான சாகுபடிக்குத் தண்ணீர் திறப்பதற்குள் சொந்தமாக ஒரு டிராக்டர் வாங்கிவிட வேண்டும் என்று நினைக்கிறவரா நீங்கள்? அப்படியானால் இதற்குள் இரண்டு மூன்று ஷோரூம்களுக்குப் போய் வந்திருப்பீர்கள். எத்தனை குதிரைத்திறன், எத்தனை கியர், சிங்கிள் கிளட்ச் வேண்டுமா, டூயல் கிளட்ச் வேண்டுமா, பவர் ஸ்டீயரிங் வேண்டுமா, இரண்டு சக்கர இழுவையா, நான்கு சக்கர இழுவையா என்று விற்பனையாளர் அடுக்கியிருப்பார். ஒவ்வொன்றுக்கும் விலை கூடிக்கொண்டே போயிருக்கும். வீட்டில் படிக்கிற பையன் இருந்தால், ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவர்கள் ஒப்பிடுவதுபோல ஒரு பட்டியலே போட்டுக் கொடுத்திருப்பான்.

கையெழுத்துப் போடும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். டிராக்டரின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் போய் நில்லுங்கள். கீழே இடமும் வலமும் இரண்டு கைகள், நடுவில் மேலே ஒரு கை இருக்கும். நாம் டாப் லிங்க் என்று சொல்வது அந்த மேல்கையைத்தான். எந்தக் கம்பெனி டிராக்டரானாலும், எந்த நாட்டில் செய்ததானாலும் இந்த மூன்று புள்ளி இணைப்பு இருக்கும். கொத்துக் கலப்பை, சட்டிக் கலப்பை, ரோட்டவேட்டர் எல்லாம் இதில்தான் மாட்டுகின்றன.

இதை நமக்குத் தந்தவர் ஹாரி பெர்குசன். பந்தய வண்டி ஓட்டியவராக வாழ்க்கையைத் தொடங்கி, பந்தயக் கார் செய்தவராக முடித்தவர். இடையிலிருந்த ஆண்டுகளில் பெரும்பகுதியைக் கலப்பைக்குக் கொடுத்தார். எடை, கிளட்ச், கியர், நான்கு சக்கர இழுவை என்று இன்று ஷோரூமில் நீங்கள் குழம்புகிற ஒவ்வொன்றோடும் அவர் மல்லுக்கட்டியிருக்கிறார். அதனால் அவர் கதையைத் தெரிந்துகொண்டால் உங்கள் பணத்துக்குப் பாதுகாப்பு.

பண்ணை வேலை பிடிக்காத பிள்ளை

அயர்லாந்தின் வடபகுதியில் டவுன் மாவட்டம், ட்ரோமோர் ஊருக்கு அருகில் க்ரோவெல் என்ற சிற்றூர். அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் 1884 நவம்பர் 4 அன்று பிறந்தார் பெர்குசன். உடன் பிறந்தவர்களோடு சேர்த்து மொத்தம் 11 பிள்ளைகள், இவர் நான்காவது. குதிரையின் பின்னால் நாள் முழுக்க நடந்து உழுகிற வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. 1902-ம் ஆண்டு பெல்பாஸ்ட் நகரில் அண்ணன் ஜோ நடத்திய சைக்கிள், கார் பழுது பார்க்கும் பட்டறையில் சேர்ந்தார்.

என்ஜின் வேலை கைவந்தது. மோட்டார் சைக்கிள் பந்தயங்களிலும் கார் பந்தயங்களிலும் ஓட்டினார். விமானத்தின் மீது ஆசை வந்தது. தானே ஒன்றைக் கட்டி 1909 டிசம்பர் 31 அன்று ஹில்ஸ்பரோ என்ற இடத்தில் பறந்து காட்டினார். அயர்லாந்து மண்ணில் விமானம் ஓட்டிய முதல் மனிதர் அவர்தான். 1911-ம் ஆண்டு சொந்தமாக மோட்டார் வியாபாரம் தொடங்கினார்.

இப்படி வேகத்தின் பின்னால் ஓடியவரை வயலுக்குத் திருப்பியது முதல் உலகப் போர்.

ஓட்டுநரைக் கொன்ற டிராக்டர்

போர்க்காலத்தில் உணவுக் கப்பல்கள் கடலில் மூழ்கடிக்கப்பட்டன. உள்நாட்டிலேயே அதிக நிலத்தை உழுது பயிரிட வேண்டிய கட்டாயம். குதிரைகளும் ஆட்களும் போர்முனைக்குப் போய்விட்டதால் அமெரிக்காவிலிருந்து டிராக்டர்கள் இறக்குமதியாயின. பெர்குசனும் அவற்றை விற்றார். 1917-ம் ஆண்டு, டிராக்டர் உழவைச் சீர்படுத்தும் பொறுப்பை அயர்லாந்து வேளாண் வாரியம் அவரிடம் கொடுத்தது. தன்னிடம் வேலை பார்த்த வில்லி சாண்ட்ஸ் என்ற மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு பண்ணை பண்ணையாகப் போனார்.

அவர் கண்டது இதுதான். டிராக்டர் தனி, கலப்பை தனி. குதிரைக்குப் பதிலாக டிராக்டரை வைத்துச் சங்கிலியால் கலப்பையை இழுத்தார்கள். சக்கரம் வழுக்காமல் இருக்க டிராக்டரைக் கனமாகச் செய்தார்கள். கனமான டிராக்டர் மண்ணை அமுக்கியது. முன்னே ஒருவர் ஓட்ட, பின்னே ஒருவர் கலப்பையைப் பார்க்க வேண்டியிருந்தது.

இதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. மண்ணுக்குள் கிடக்கும் பாறையிலோ வேரிலோ கலப்பை மாட்டிக்கொண்டால், என்ஜின் விசை போக இடமில்லாமல் டிராக்டரின் முன்பகுதியைத் தூக்கிவிடும். பின் அச்சைச் சுற்றி வண்டியே பின்பக்கமாகக் கவிழ்ந்து ஓட்டுநர் மேல் விழும். கண் இமைக்கும் நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். அந்தக் காலத்து டிராக்டர்களில் இப்படிப் பலர் இறந்தார்கள்.

இந்த ஆபத்து இன்னும் போய்விடவில்லை. தொளியில் புதைந்த டிராக்டரை வெளியே எடுக்கப் பின்சக்கரத்தில் மரக்கட்டையைக் கட்டி முன் கியர் போடுகிற பழக்கம் நம் பகுதியிலும் உண்டு. டாப் லிங்க் மாட்டும் இடத்தில் சங்கிலி கட்டி எதையாவது இழுப்பதும் உண்டு. இரண்டுமே 1917-ல் ஆட்களைக் கொன்ற அதே கணக்கு. இழுப்பதாக இருந்தால் கீழே உள்ள இழுவைக் கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். தொளியில் புதைந்தால் பின் கியரில் வெளியே வரப் பாருங்கள். முடியாவிட்டால் இன்னொரு வண்டியை வைத்து இழுங்கள். மரக்கட்டை வேண்டவே வேண்டாம்.

மூன்று கை செய்த மாயம்

பெர்குசன் டிராக்டரைப் பெரிதாக்கப் பார்க்கவில்லை. கலப்பையையும் டிராக்டரையும் ஒரே கருவியாக்கப் பார்த்தார். காரை மாற்றிச் செய்த ஒரு சிறு டிராக்டருக்காக 1917-லேயே நேரடியாக மாட்டும் கலப்பை ஒன்றைச் செய்தார். பிறகு ஆண்டுக்கணக்கில் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தார். கலப்பையின் இழுவையை ஹைட்ராலிக் மூலம் கட்டுப்படுத்தும் முறைக்கு 1925-ம் ஆண்டில் காப்புரிமை வாங்கினார். 1933-ல் எல்லாவற்றையும் சேர்த்துக் கறுப்பு வண்ணம் பூசிய மாதிரி டிராக்டர் ஒன்றை ஓட்டிக் காட்டினார்.

அது வேலை செய்யும் விதம் எளிமையானது. உழும்போது கீழ்க்கைகள் இரண்டும் கலப்பையை இழுக்கின்றன. மண்ணின் எதிர்ப்பால் கலப்பை முன்பக்கம் கவிழப் பார்க்கிறது. அந்த அழுத்தம் டாப் லிங்க் வழியாக டிராக்டரை முன்னோக்கித் தள்ளுகிறது. அதனால் முன்சக்கரம் தூக்காது. கலப்பையின் பாரமும் மண்ணின் அழுத்தமும் பின்சக்கரத்தின் மேல் சேர்வதால் பிடிப்பு கூடுகிறது. மண் கெட்டியானால் டாப் லிங்கில் அழுத்தம் ஏறும். அது ஒரு ஸ்பிரிங்கை அமுக்கி, ஹைட்ராலிக் வால்வைத் திறந்து, கலப்பையைக் கொஞ்சம் தூக்கிவிடும். கலப்பை பாறையில் மாட்டினால் பின்சக்கரத்தின் மேலிருந்த பாரம் குறைந்து சக்கரம் சும்மா சுற்றும், வண்டி கவிழாது.

கனமான வண்டி செய்யும் வேலையைச் சின்ன வண்டி செய்தது இப்படித்தான். உங்கள் இருக்கைக்கு அருகில் லிப்டுக்கு இரண்டு கைப்பிடிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று கருவியின் உயரத்தை ஒரே நிலையில் வைப்பது. மற்றது இழுவைக்கு ஏற்பத் தானே ஏற்றி இறக்குவது. இரண்டாவதைத் தொட்டே பார்க்காத டிராக்டர்கள் நம் ஊரில் நிறைய உண்டு. தொளி அடிக்கவும் ரோட்டவேட்டருக்கும் முதல் கைப்பிடி போதும். கோடை உழவில் சட்டிக் கலப்பையோ இறக்கைக் கலப்பையோ போடும்போது இரண்டாவதைப் பயன்படுத்துங்கள். என்ஜின் திணறாது, டயர் தேயாது, டீசலும் மிச்சம். புது வண்டி வாங்கும்போது இரண்டையும் இயக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

எடையா, இணைப்பா?

மாதிரி டிராக்டர் தயாரானதும் தொழிற்சாலை வேண்டியிருந்தது. இங்கிலாந்தின் ஹடர்ஸ்பீல்டு நகரில் பல்சக்கரங்கள் செய்து வந்த டேவிட் பிரவுன் கம்பெனி கூட்டுச் சேர்ந்தது. 1936-ல் பெர்குசன்-பிரவுன் டிராக்டர் விற்பனைக்கு வந்தது. விலை 224 பவுண்டு. கலப்பை போன்ற கருவிகள் தனி. இதைவிட மலிவான டிராக்டர்கள் அப்போது சந்தையில் இருந்தன. பழைய கருவிகளும் இதற்குப் பொருந்தாது. விவசாயிகள் தயங்கினார்கள். சுமார் 1,350 வண்டிகளே செய்யப்பட்டன.

விற்பனை மந்தமானபோது கூட்டாளிகளுக்குள் சண்டை வந்தது. இன்னும் பெரிய, கனமான, சக்தி கூடிய டிராக்டர் வேண்டும் என்றார் பிரவுன். எடையைக் கூட்டினால் தன் கண்டுபிடிப்புக்கே அர்த்தமில்லை என்று பெர்குசன் மறுத்தார். இருவரும் பிரிந்தார்கள். பிரவுன் தன் விருப்பப்படி கனமான டிராக்டர் செய்து விற்றார், அதிலும் வெற்றி கண்டார். 1947-ல் அவர் ஆஸ்டன் மார்ட்டின் என்ற ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனியையே வாங்கினார். அந்தக் கார்களின் பெயரில் வரும் டி.பி. என்ற இரண்டு எழுத்துகள் டேவிட் பிரவுனின் முதலெழுத்துகள்தான்.

இந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம்? அது உங்கள் மண்ணைப் பொறுத்தது. கோவில்பட்டிப் பக்கம் கரிசலில் ஆழ உழுகிறவருக்கும், பாரம் ஏற்றிய டிரெய்லரை மேட்டில் இழுக்கிறவருக்கும் எடை வேண்டும். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, ஸ்ரீவைகுண்டம் பக்கம் கார், பிசானம் என்று இரண்டு போகமும் தொளி அடிக்கிறவருக்கு எடை ஒரு சுமை. வண்டி ஆழப் புதையும். ஆண்டுக்கு ஆண்டு மேல்மண்ணுக்குக் கீழே கெட்டித் தட்டு உருவாகும். நெல்லுக்குத் தண்ணீர் நிற்க அது கொஞ்சம் உதவும். ஆனால் அதே வயலில் அடுத்து உளுந்தோ வாழையோ வைத்தால் வேர் கீழே இறங்காது. அப்படிப்பட்ட வயலில் 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை கோடையில் உளிக்கலப்பையால் ஒன்றரை அடி ஆழம் கீறிவிடுவது நல்லது.

வாய் வார்த்தையில் போன வியாபாரம்

1938-ல் பெர்குசன் தன் டிராக்டரை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் ஹென்றி போர்டின் பண்ணையில் ஓட்டிக் காட்டினார். போர்டு அசந்துபோனார். போர்டு டிராக்டர் செய்து தருவது, பெர்குசன் விற்பது, அவருடைய கண்டுபிடிப்பை அதில் பயன்படுத்திக்கொள்வது என்று இருவரும் பேசி முடித்தார்கள். பத்திரம் எதுவும் எழுதவில்லை, கைகுலுக்கியதோடு சரி. 1939-ல் வந்த அந்த டிராக்டர் வரிசை 8 ஆண்டுகளில் 3 லட்சத்துக்கும் மேல் விற்றது.

பிறகு நிர்வாகம் போர்டின் பேரன் கைக்கு மாறியது. தாத்தா கொடுத்த வாக்கு தொடரவில்லை. 1947-ல் பெர்குசனை விட்டுவிட்டு, அதே ஹைட்ராலிக் முறையோடு போர்டு கம்பெனி தனியாக டிராக்டர் விற்கத் தொடங்கியது. அவர் வழக்குப் போட்டார். பல ஆண்டு இழுபறிக்குப் பிறகு 1952-ல் 92 லட்சத்து 50 ஆயிரம் டாலர் பெற்றுக்கொண்டு சமரசமானார். அவர் கேட்டது இதைவிடப் பல மடங்கு.

உலகத்தின் பெரிய தொழிலதிபர்களுக்கே இந்தக் கதி என்றால் நமக்கு? இலவச சர்வீஸ் எத்தனை, வாரண்டி எத்தனை மணி நேரம், எந்தெந்தப் பாகத்துக்கு, பழைய வண்டியை எவ்வளவுக்கு எடுத்துக்கொள்கிறார்கள், கொக்கி, பம்பர், முன் எடைக்கட்டி எல்லாம் விலையில் சேர்த்தியா என்று எல்லாவற்றையும் தாளில் எழுதி வாங்குங்கள். தெரிந்தவர், ஒரே ஊர்க்காரர் என்று விட்டுவிடாதீர்கள்.

சாம்பல் நிறச் சின்ன வண்டி

போர்டோடு உறவு முறிவதற்கு முன்பே பெர்குசன் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ஸ்டாண்டர்டு கார் கம்பெனியின் துணையோடு தன் சொந்த டிராக்டரைச் செய்யத் தொடங்கியிருந்தார். 1946-ல் வந்த அந்தச் சாம்பல் நிற டிராக்டரின் சக்தி 30 குதிரைத்திறனுக்கும் குறைவு. ஆனாலும் 1956-க்குள் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன. எட்மண்ட் ஹிலாரியின் குழுவினர் இந்த டிராக்டர்களுக்குச் சங்கிலிப் பட்டை மாட்டி, பனியில் ஓட்டிக்கொண்டே 1958 ஜனவரி 4 அன்று தென் துருவம் போய்ச் சேர்ந்தார்கள்.

அந்த வண்டியில் சின்னச் சின்ன நுணுக்கங்கள் உண்டு. ஸ்டார்ட்டர் கியர் கம்பியிலேயே இருந்தது. கியர் விழுந்திருக்கும்போது ஸ்டார்ட் ஆகாது. அதனால் வண்டி திடீரென்று பாய்ந்து யாரையும் இடிக்காது. கலப்பையின் பெரும்பாலான சரிசெய்தல்களை வண்டியோடு வந்த ஒரே ஸ்பானரால் முடித்துவிடலாம். அந்த ஸ்பானரிலேயே அங்குல அளவும் குறித்திருந்தது. வயலில் நிற்கிற ஓட்டுநரிடம் என்ன இருக்கும் என்பதை நினைத்துச் செய்தது இது.

ஆனால் ஒரு குறையும் இருந்தது. முன்னே போக 4 கியர், பின்னே 1 கியர், கிளட்ச் ஒரே நிலை. கிளட்சை மிதித்தால் சக்கரமும் நிற்கும், பிடிஓவும் நிற்கும். ஹைட்ராலிக் பம்பும் பிடிஓவோடு சேர்ந்து ஓடியதால் லிப்டும் நின்றுவிடும். கலப்பைக்கு இது பெரிய சிரமமில்லை. பிடிஓவில் சுழலும் கருவிகளுக்குத்தான் தொல்லை. 1956-ல் அடுத்த மாடல் வந்தபோது 6 முன் கியர், 2 பின் கியர் கொடுத்தார்கள். மேல் ரக வண்டியில் இரண்டு நிலைக் கிளட்சும் வந்தது. பாதி மிதித்தால் சக்கரம் மட்டும் நிற்கும், பிடிஓ சுழன்றுகொண்டே இருக்கும். முழுதும் மிதித்தால் இரண்டும் நிற்கும். நீங்கள் இன்று டூயல் கிளட்ச் என்று கேட்பது இதைத்தான்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஸ்போர்ட்ஸ் கார் விளம்பரத்திலும் டூயல் கிளட்ச் என்று வரும். அது வேறு. காரில் ஒரு கிளட்ச் 1, 3, 5 ஆகிய கியர்களையும், இன்னொன்று 2, 4, 6 ஆகிய கியர்களையும் பார்த்துக்கொள்ளும். இழுவை விட்டுப்போகாமல் கியர் மாறும். டிராக்டரில் ஒன்று சக்கரத்துக்கு, மற்றொன்று பிடிஓவுக்கு. பெயர் ஒன்று, வேலை வேறு.

உங்களுக்கு எது வேண்டும்? கொத்துக் கலப்பையும் டிரெய்லரும் மட்டும் என்றால் சிங்கிள் கிளட்ச் போதும். ரோட்டவேட்டர் ஓட்டுவீர்கள் என்றால் டூயல் கிளட்ச் நல்லது. வரப்பு ஓரத்தில் திரும்பும்போதும், முன்னே வைக்கோல் குவியல் வந்து நிற்கும்போதும் ரோட்டவேட்டர் நிற்காமல் ஓடும். வைக்கோல் கட்டும் இயந்திரம் ஓட்டி வாடகைக்குப் போவதாக இருந்தால், பிடிஓவுக்குத் தனிக் கைப்பிடி உள்ள வண்டியையும் பாருங்கள். கட்டு அடைத்துக்கொள்ளும்போது வண்டியை நிறுத்திவிட்டு இயந்திரத்தை மட்டும் ஓட்டலாம்.

கியர் பெட்டியிலும் இதே கணக்குதான். 8 முன் கியர், 2 பின் கியர் என்றால் பெரும்பாலும் 4 வேகம், அதற்கு மேல் தாழ்வு, உயர்வு என்று இரண்டு வரிசை. சறுக்கிச் சேரும் பழைய வகையில் வண்டியை நிறுத்தித்தான் கியர் மாற்ற வேண்டும். எப்போதும் பிணைந்திருக்கும் கான்ஸ்டன்ட் மெஷ் வகையில் சத்தமும் தேய்மானமும் குறைவு. சின்க்ரோமெஷ் வகையில் ஓடும்போதே மாற்றலாம்; ரோட்டில் அதிகம் ஓடுகிறவருக்கு அது பயன்படும். வயலில் ஒரே கியரில் மணிக்கணக்கில் ஓட்டுகிறவர் அதற்காக அதிகம் செலவழிக்கத் தேவையில்லை. கியர் எண்ணிக்கையைக் கேட்பதைவிட, மணிக்கு 2 முதல் 4 கிலோமீட்டருக்குள் எத்தனை கியர் வருகிறது என்று கேளுங்கள். ரோட்டவேட்டர் ஓடும் வேகம் அதுதான்.

நாணயம் சுண்டியவர், மறுபடி காருக்குப் போனவர்

1953-ல் பெர்குசன் தன் கம்பெனியைக் கனடாவின் மாஸி-ஹாரிஸ் கம்பெனியோடு இணைத்தார். விலை பேசியபோது 10 லட்சம் டாலர் வித்தியாசம் வந்தது. நாணயம் சுண்டித் தீர்க்கலாம் என்று முடிவு செய்து சுண்டினார்கள். பெர்குசன் தோற்றார், சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுத்தார். ஆனால் புதிய நிர்வாகத்தோடு ஒத்துப்போகவில்லை. 1954-ல் விலகிவிட்டார்.

எழுபது வயதில் மறுபடியும் காருக்குத் திரும்பினார். ஈரச் சாலையில் கார்கள் வழுக்கி ஆட்கள் சாவது அவரை உறுத்தியது. நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் கார் செய்ய ஆராய்ச்சிக் கம்பெனி நடத்தினார். கார் கம்பெனிகள் அக்கறை காட்டவில்லை. பந்தயத்தில் ஜெயித்துக் காட்டினால் நம்புவார்கள் என்று பி99 என்ற பந்தயக் காரை அவருடைய கம்பெனி கட்டியது. அது ஓடி ஜெயித்ததை அவர் பார்க்கவில்லை. 1960 அக்டோபர் 25 அன்று, 75-வது வயதில் இங்கிலாந்தில் தன் வீட்டில் காலமானார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஓல்டன் பார்க் என்ற இடத்தில் ஈரமான பாதையில் ஸ்டிர்லிங் மாஸ் அந்தக் காரை ஓட்டி முதலில் வந்தார். பார்முலா ஒன் வகைப் பந்தயம் ஒன்றில் நான்கு சக்கர இழுவைக் கார் ஜெயித்தது அந்த ஒரு தடவைதான். 1966-ல் வந்த ஜென்சன் எப்.எப். என்ற காரில் அவருடைய முறை விற்பனைக்கும் வந்தது.

இதிலும் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. பெர்குசனின் காரில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே ஒரு டிபரென்ஷியல் இருந்தது. திருப்பத்தில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறு வேறு வேகத்தில் உருள அது வழிவிடும். நாம் வாங்கும் டிராக்டர்களில் பொதுவாக அது கிடையாது. முன் அச்சு நேராகப் பிணைந்திருக்கும். சேற்றில் சக்கரம் வழுக்கி இடம் கொடுப்பதால் பாதகமில்லை. தார் ரோட்டில் நான்கு சக்கர இழுவையைப் போட்டபடியே ஓட்டினால் முன் டயர் தேயும், பல்சக்கரங்கள் உடையும். ஆகவே ரோட்டில் ஏறியதும் அந்தக் கைப்பிடியை எடுத்துவிடுங்கள். டயர் மாற்றும்போது முன்னும் பின்னும் கம்பெனி சொன்ன அளவையே போடுங்கள். அளவு மாறினால் இரண்டு அச்சும் ஒன்றோடொன்று இழுபறி போடும்.

நன்செயில் தொளி மட்டும் அடிக்கிறவருக்கு இரண்டு சக்கர இழுவையோடு நல்ல கேஜ் வீல் இருந்தால் போதும். அடி காணாத ஆழ்ந்த சேற்று வயல் என்றாலோ, வாழைக்கு நடுவே ஓட்டும் சின்ன டிராக்டர் என்றாலோ நான்கு சக்கர இழுவை கொடுத்த காசுக்கு வேலை செய்யும்.

ஆழ்வார்குறிச்சியிலிருந்து ஒரு பாலம்

பெர்குசனின் டிராக்டர் தமிழ்நாட்டுக்கு வந்த வழியில் நம் ஊர்க்காரர் ஒருவர் நிற்கிறார். கடனா நதிக் கரையிலுள்ள ஆழ்வார்குறிச்சியைச் சொந்த ஊராகக் கொண்டவர் எஸ்.அனந்தராமகிருஷ்ணன். சென்னை சிம்சன் கம்பெனியையும் அமால்கமேஷன்ஸ் குழுமத்தையும் நடத்தியவர். டீசல் என்ஜின், பிஸ்டன் என்று ஒவ்வொன்றாக உள்நாட்டிலேயே செய்யத் தொடங்கியவர். பெர்குசன் இறந்த அதே 1960-ம் ஆண்டில், மாஸி பெர்குசன் கம்பெனியின் தொழில்நுட்பத்தோடு சென்னையில் டாபே டிராக்டர் கம்பெனியைத் தொடங்கினார். 1964-ல் அவரும் காலமானார். கடனா நதி திருப்புடைமருதூரில் தாமிரபரணியில் கலக்கிறது. அந்தத் தண்ணீர் பாயும் வயல்களில் இன்று ஓடாத கம்பெனி டிராக்டர் இல்லை. எல்லாவற்றின் பின்னாலும் அதே மூன்று கைகள்தான். ஆகவே இந்தப் பெயர் உள்ள வண்டிதான் வேண்டும் என்பதில்லை.

உங்கள் வயலுக்கு எது?

பெர்குசன் எதைச் செய்தாலும் வயலில் இருக்கும் வேலையை முதலில் பார்த்தார், பிறகுதான் வண்டியை வரைந்தார். நீங்களும் அதே வரிசையில் போங்கள்.

முதலில் ஆண்டுக்கு எத்தனை மணி நேரம், எந்தக் கருவியோடு ஓட்டப்போகிறீர்கள் என்று எழுதுங்கள். சொந்த நிலம் 5 ஏக்கருக்குள் இருந்து, வாடகைக்கும் போகப்போவதில்லை என்றால், வாங்குவதைவிட வாடகைக்கு எடுப்பது லாபமா என்று கணக்குப் போடுங்கள். வேளாண் பொறியியல் துறையிலும் வாடகைக்கு இயந்திரங்கள் கிடைக்கின்றன.

இரண்டாவது, கருவிக்கு ஏற்ற சக்தி. தொளிக்கும் 5 அடி ரோட்டவேட்டருக்கும் 35 முதல் 45 குதிரைத்திறன் போதுமானது. வாழைத் தோட்டத்துக்கு வரிசை இடைவெளியை அளந்துகொண்டு போங்கள். 6 அடி இடைவெளி என்றால் ரோட்டவேட்டரோடு சேர்த்து வண்டியின் மொத்த அகலம் 4 அடிக்குள் இருக்க வேண்டும்.

மூன்றாவது, விளம்பரத்தில் வருவது என்ஜினின் குதிரைத்திறன். ரோட்டவேட்டரைச் சுற்றுவது பிடிஓவின் குதிரைத்திறன். அது எப்போதும் குறைவாகவே இருக்கும். மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்ற ஊரிலுள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரச் சோதனை நிலையம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை தருகிறது. பிடிஓ சக்தி, லிப்ட் தூக்கும் எடை, டீசல் செலவு எல்லாம் அதில் இருக்கும். நீங்கள் கேட்கும் மாடலுக்கு அந்த அறிக்கையைக் காட்டச் சொல்லுங்கள்.

நான்காவது, தொளிக்கு ஏற்ற பாதுகாப்பு. எண்ணெயில் மூழ்கிய பிரேக் சேற்று வேலைக்கு உழைக்கும். அச்சில் தண்ணீர் புகாத சீல் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒவ்வொரு போகத்திலும் தொளி வேலை முடிந்ததும் கியர் ஆயிலைப் பாருங்கள். பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது, உடனே மாற்றுங்கள். ஓட்டுநர் தலைக்கு மேல் கவிழ்தடுப்புச் சட்டம் கிடைக்கும் மாடலென்றால் அந்தச் செலவைக் குறைக்காதீர்கள். கூடவே சீட் பெல்ட்டும் போடுங்கள்.

ஐந்தாவது, மெக்கானிக்கும் உதிரி பாகமும். கிளட்ச் பிளேட், ஹைட்ராலிக் பம்ப், அச்சு சீல் மூன்றும் உங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் கிடைக்கிறதா? தண்ணீர் வந்து, நாற்று வயது ஏறிக்கொண்டிருக்கும்போது பாகம் வருவதற்காக ஒரு வாரம் காத்திருந்தால், ஷோரூமில் குறைத்துத் தந்த பணம் ஒரே போகத்தில் போய்விடும்.

கடைசியாக, பெர்குசன் தன் டிராக்டரை வாங்க வந்தவர்களுக்குக் காட்டிய விதம். ஒரு சின்ன நிலத்துண்டை எடுத்துக்கொண்டு, அதற்குள்ளேயே மூலை மூலையாக உழுது காட்டுவார். உங்கள் டீலரிடமும் அதையே கேளுங்கள். வண்டி உங்கள் வயலுக்கு வரட்டும். உங்கள் கருவியை மாட்டி, நாளை தினமும் ஓட்டப்போகிறவரை உட்கார வைத்து, இரண்டு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். வரப்பு ஓரம் திரும்பட்டும், லிப்ட் தூக்கட்டும், கிளட்சைப் பாதி மிதித்தால் என்ன ஆகிறது என்று நீங்களே கண்ணால் பாருங்கள். கடன் பத்திரத்தில் கையெழுத்து அதற்குப் பிறகு.